தூரம் அதிகம், நேரம் குறைவு!

2016ஆம் ஆண்டு அக்டோபரில் நாளிதழ்களில் ஒரு செய்தி வெளிவந்தது. டில்லியிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு, இடையில் எங்கும் இறங்காமல் பறந்துவந்த ஏர் இந்தியா விமானம் தன் வழியை மாற்றிக்கொண்டது என்பதே அச்செய்தி. அதுவரை அது மேற்கே திரும்பி, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அந்த வழியில் தூரம் ஏறத்தாழ 13,900 கி.மீ. புதிய வழியில் அது கிழக்கே திரும்பி, பசிபிக் பெருங்கடலைக் கடந்தது. இந்த வழியில் தூரம் ஏறத்தாழ 15,300 கி.மீ. அதாவது 1,400 கி.மீ. கூடுதல். ஆனால் பயணத்துக்கு ஆன நேரம் 14½ மணிதான். பழைய வழியைவிட ஏறத்தாழ 2 மணி நேரம் குறைவு!

இந்தச் செய்தியை வகுப்பில் படித்துக் காட்டினேன். ஒரு மாணவர் எழுந்தார். "சார், இதில் ஏதோ அச்சுப் பிழை இருக்க வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. நாம் மேற்கே பறந்தால் சான் பிரான்சிஸ்கோ நம்மை எதிர்கொண்டு வரும். கிழக்கே பறந்தால் அது நம்மைவிட்டு விலகி ஓடும். அப்படியிருக்க, கிழக்கே போன விமானம் எப்படி முந்திச் சேரும்?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது.

செய்தியில் பிழையா, மாணவரின் வாதத்தில் பிழையா? இதற்கு விடை காண இரண்டு செய்திகளை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தை எப்படி அளப்பது என்பது. மற்றொன்று, அந்தத் தூரத்தைக் கடக்க ஆகும் நேரம் எதைப் பொறுத்தது என்பது. இவை இரண்டும் ஒன்றே என்று நாம் எண்ணிவிடுகிறோம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

படத்தில் நேர்கோடு, பூமியில் சுற்று வழி

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் டில்லியையும் சான் பிரான்சிஸ்கோவையும் ஓர் அளவுகோலால் இணைத்துப் பாருங்கள். கோடு சீனா, ஜப்பான், பசிபிக் என்று கிழக்கு நோக்கிப் போகும். இதுதான் குறுக்கு வழி என்று தோன்றும். ஆனால் பூமி தட்டையான தாள் அன்று. அது ஓர் உருண்டை. உருண்டையின் தோலை உரித்துத் தாளில் பரப்பும்போது அது எங்காவது இழுபட்டே தீரும். உலகப் படத்தில் துருவங்களை நோக்கிப் போகப் போக நிலப்பகுதிகள் அகலமாக இழுக்கப்பட்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரமும், அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரமும் ஏறத்தாழ 60° வடக்கு அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டும் பூமியின் எதிர் எதிர்ப் பக்கங்களில் உள்ளன. அவற்றின் தீர்க்கரேகைகளுக்கு இடையே 180° வேறுபாடு. படத்தில் இவற்றை இணைக்கும் கோடு அட்சரேகையை ஒட்டியே போகும். அந்த வழியில் தூரம் ஏறத்தாழ 10,000 கி.மீ. ஆனால் வட துருவத்தின் மேலாகப் பறந்தால்? செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து துருவம் வரை 30 பாகை. துருவத்திலிருந்து ஆங்கரேஜ் வரை 29 பாகை. பூமியின் மீது ஒரு பாகை என்பது 111.2 கி.மீ. ஆகவே மொத்தம் 6,560 கி.மீ. தான். படத்தில் 'நேராக'த் தெரியும் வழி உண்மையில் 3,400 கி.மீ. சுற்று வழி!

உருண்டையின் மீது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு பகுதியாகும். பூமியின் மையத்தின் வழியாகச் செல்லும் தளம் பூமியின் பரப்பை வெட்டும் வட்டத்தையே பெருவட்டம் என்கிறோம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். மற்ற அட்சரேகைகள் பெருவட்டங்கள் அல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

டில்லி விமான நிலையம் 28.6° வடக்கு, 77.1° கிழக்கு. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் 37.6° வடக்கு, 122.4° மேற்கு. இவற்றின் தீர்க்கரேகை வேறுபாடு, குறைந்த பக்கமாக எண்ணினால், 160.5°. மேல் வகுப்பு மாணவர்கள் கீழ்க்காணும் சூத்திரத்தைப் பயன்படுத்தலாம். இரண்டு அட்சரேகைகளை அ, ஆ எனவும், தீர்க்கரேகை வேறுபாட்டை இ எனவும், பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களும் தாங்கும் கோணத்தை ஈ எனவும் கொண்டால்,

கொசைன் ஈ = சைன் அ × சைன் ஆ + கொசைன் அ × கொசைன் ஆ × கொசைன் இ

மதிப்புகளை இட்டால் 0.292 − 0.656 = −0.364 என வரும். அதற்குரிய கோணம் 111.3°. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால், ஏறத்தாழ 12,380 கி.மீ. இதுவே இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தூரம். உலகப் படத்தில் அளவுகோல் வைத்து இழுத்த கோட்டின் வழியே திசைகாட்டியில் திசை மாறாமல் பறந்தால் ஏறத்தாழ 14,950 கி.மீ. பறக்க வேண்டியிருக்கும்.

இந்தக் குறுகிய வழி எந்தப் பக்கமாகப் போகிறது என்பது இன்னும் வியப்பானது. டில்லியில் நின்றுகொண்டு சான் பிரான்சிஸ்கோ இருக்கும் திசையை நோக்கிக் கை நீட்டச் சொன்னால், கிழக்கேயும் நீட்டக்கூடாது, மேற்கேயும் நீட்டக்கூடாது. வடக்கே, இமயமலையை நோக்கி நீட்ட வேண்டும்! வடக்கிலிருந்து சுமார் 16° மட்டுமே கிழக்கே சாய்ந்து புறப்படும் அந்த வழி, மேற்குச் சீனாவையும் சைபீரியாவையும் தாண்டி, ஆர்க்டிக் கடலில் 75° அட்சரேகைக்கும் மேலே ஏறி, பிறகு அலாஸ்கா வழியாகத் தெற்கே இறங்கிச் சான் பிரான்சிஸ்கோவை அடைகிறது.

நேர்வழி இருக்கச் சுற்று வழி ஏன்?

12,380 கி.மீ. வழி இருக்கும்போது 13,900 கி.மீ., 15,300 கி.மீ. என்று ஏன் சுற்ற வேண்டும்? இதற்குச் சில காரணங்கள் உண்டு.

முதல் காரணம், மலைகள். இமயத்துக்கு அப்பால் உள்ள திபெத் பீடபூமியின் சராசரி உயரமே சுமார் 4,500 மீட்டர். விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், விமானி உடனே சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். அப்போதுதான் பயணிகள் இயல்பாக மூச்சுவிட முடியும். 4,500 மீட்டர் உயரமுள்ள தரையின் மேல் பறக்கும்போது 3,000 மீட்டருக்கு எப்படி இறங்குவது?

இரண்டாவது காரணம், குளிர். விமான எரிபொருளில் ஒரு வகை −40° செல்சியசிலும் மற்றொரு வகை −47° செல்சியசிலும் உறையத் தொடங்கும். துருவப் பகுதியின் மேல் நெடுநேரம் பறக்கும்போது எரிபொருளின் வெப்பநிலையை விமானி கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரத்துக்கு இறங்க அங்கு விமான நிலையங்களும் குறைவு. இருப்பினும் துருவ வழி இயலாத வழி அன்று. 2021 ஜனவரியில் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூரு வந்து சேர்ந்தது.

மூன்றாவது காரணத்தில் இயற்பியல் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளியின் மீது உரிமை உண்டு. அனுமதியின்றி அதனுள் நுழைய முடியாது. 1957இல் கோபன்ஹேகனிலிருந்து டோக்கியோவுக்குத் துருவ வழியாக விமானப் போக்குவரத்து தொடங்கியபோது, சோவியத் வான்வெளி மூடியிருந்தது. எனவே விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. பிற்காலத்தில் அந்த வழி திறந்தது. 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மறுபடியும் மூடப்பட்டது. ஏறத்தாழ 9½ மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரமாக நீண்டது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, வழிதான் நீண்டுவிட்டது.

பூமி சுழல்கிறதே!

தூரத்தைப் பற்றி அறிந்துகொண்டோம். இனி நேரத்துக்கு வருவோம். மாணவரின் கேள்வி இப்போதுதான் வருகிறது. பூமி கிழக்காகச் சுழல்வதால் மேற்கே போகும் விமானத்துக்கு ஆதாயம் உண்டா?

டில்லி இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்கு ஏறத்தாழ 1,470 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. மாணவரின் வாதம் சரியென்றால் விமானமே தேவையில்லை. ஒரு ஹெலிகாப்டரில் ஏறி, டில்லிக்கு மேலே ஒரு மணி நேரம் அசையாமல் நின்றுவிட்டுக் கீழே இறங்கினால் போதும், 1,470 கி.மீ. மேற்கே, ஈரான் நாட்டு எல்லை அருகே இறங்கியிருப்போம்! அப்படி நடப்பதில்லை என்பது நமக்குத் தெரியும்.

ஏன் நடப்பதில்லை? ஓடும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு ஒரு பந்தை மேலே எறிந்து பாருங்கள். அது பின்னால் இருப்பவர் மீது போய் விழுவதில்லை. உங்கள் கைக்கே திரும்பி வருகிறது. எறியும்போதே ரயிலின் வேகம் பந்துக்கும் இருந்தது. அதுபோலவே, தரையில் நிற்கும் விமானமும், அதைச் சூழ்ந்திருக்கும் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. விமானம் மேலே எழும்பியதும் அந்த வேகத்தை விட்டுவிடுவதில்லை. விமானம் பறப்பது காற்றில். அந்தக் காற்றோ பூமியோடு சுழல்கிறது. ஆகவே காற்று அசையாமல் இருந்தால் கிழக்கும் மேற்கும் விமானத்துக்கு ஒன்றுதான்.

ஆனால் காற்று அசையாமல் இருப்பதில்லை. விடை அங்கேதான் இருக்கிறது.

வானத்தில் ஓர் ஆறு

1920களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி என்பவர், சிறு பலூன்களை வானில் விட்டு, அவை போகும் திசையையும் வேகத்தையும் தொலைநோக்கிக் கருவியால் அளந்துவந்தார். மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக மிகக் கடுமையான காற்று வீசுவதை அவர் கண்டார். உலகத்தார் எல்லோரும் அறிய வேண்டும் என்று கருதித் தம் அறிக்கையை 1926இல் எஸ்பெராண்டோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். அம்மொழி அறிந்தவர்கள் சிலரே. ஆகவே அவரது கண்டுபிடிப்பு வெளிநாடுகளில் கவனம் பெறவில்லை. 1944இல் ஜப்பான் மீது மிக உயரத்தில் பறந்த அமெரிக்கப் போர் விமானங்கள், எதிர்க்காற்றில் முன்னேற முடியாமல் திணறியபோதுதான் பலரும் அதை உணர்ந்தார்கள்.

இதையே ஜெட் காற்று என்கிறோம். தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், சில நூறு கி.மீ. அகலத்தில், ஆறுபோல் வளைந்து வளைந்து பூமியைச் சுற்றி ஓடுகிறது. இதன் வேகம் பெரும்பாலும் மணிக்கு 150 முதல் 300 கி.மீ. வரை இருக்கும், சில வேளைகளில் 400 கி.மீ. அளவையும் எட்டும். நீண்ட தூர விமானங்கள் பறக்கும் உயரமும் இதுதான்.

இது ஏன் கிழக்கு நோக்கி ஓட வேண்டும்? சுழல் நாற்காலியில் கைகளை விரித்தபடி உட்கார்ந்து, நண்பர் ஒருவரை மெல்லச் சுழற்றிவிடச் சொல்லுங்கள். பிறகு கைகளை மார்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டென்று வேகமாகச் சுழல்வீர்கள். கோண உந்தம் மாறாமல் இருப்பதே இதற்குக் காரணம். நிலநடுக்கோட்டில் வெப்பமடைந்த காற்று மேலெழுந்து துருவம் நோக்கி நகர்கிறது. அங்கே அது பூமியோடு மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்காகச் சுழன்றுகொண்டிருந்தது. வடக்கே வர வரப் பூமியின் அச்சை அது நெருங்குகிறது. கையை மடக்கியவர்போல் வேகம் கூடுகிறது. 30° அட்சரேகையிலோ தரையின் வேகம் 1,450 கி.மீ. தான். ஆகவே காற்று தரையை முந்திக்கொண்டு கிழக்கே பாய்கிறது. கணக்கின்படி அது தரையைவிட மணிக்கு 480 கி.மீ. முந்த வேண்டும். உராய்வினாலும், மற்றக் காற்றோடு கலப்பதாலும் உண்மையில் அவ்வளவு வருவதில்லை. இன்னும் வடக்கே, வெப்பக் காற்றும் குளிர்க் காற்றும் சந்திக்கும் எல்லையில் மற்றொரு ஜெட் காற்று ஓடுகிறது. வெப்பநிலை வேறுபாடு மிகும் குளிர்காலத்தில் இவை வலுவடைகின்றன.

ஆற்றில் படகுக் கணக்கு

ஆற்று நீரோட்டத்தோடும், எதிர்த்தும் செல்லும் படகுக் கணக்கை நீங்கள் கணிதப் பாடத்தில் செய்திருப்பீர்கள். விமானமும் அப்படித்தான். காற்றைப் பொறுத்து விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று கொள்வோம். பின்காற்று 100 கி.மீ. என்றால் தரையைப் பொறுத்து அதன் வேகம் 1,000 கி.மீ. எதிர்க்காற்று 100 கி.மீ. என்றால் 800 கி.மீ.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 8,000 கி.மீ. தூரத்தைப் பின்காற்றோடு கடக்க 8 மணி நேரம். எதிர்க்காற்றில் திரும்பி வர 10 மணி நேரம். மொத்தம் 18 மணி. காற்றே இல்லையென்றால் போக வர 17 மணி 47 நிமிடங்கள்தான். போகும்போது கிடைத்த ஆதாயம் வரும்போது ஆகும் நட்டத்தைச் சரிக்கட்டுவதில்லை. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால், அந்தக் காற்றில் சிக்கியிருக்கும் நேரமும் கூடுகிறது அல்லவா?

இப்போது நமது செய்திக்குத் திரும்புவோம். 15,300 கி.மீ. தூரத்தை 14½ மணியால் வகுத்துப் பாருங்கள். சராசரி வேகம் மணிக்கு 1,055 கி.மீ. விமானம் பறக்கும் உயரத்தில் வெப்பநிலை −56° செல்சியஸ் அளவில் இருக்கும். அங்கே ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,060 கி.மீ. அப்படியானால் அந்த விமானம் ஒலியின் வேகத்திலா பறந்தது? இல்லை. காற்றைப் பொறுத்து அதன் வேகம் 900 கி.மீ. அளவிலேயே இருந்தது. மீதி, காற்று தூக்கிச் சென்ற வேகம். நகரும் படிக்கட்டில் நடப்பவர்போல் அது விரைந்தது.

காற்று முழு வலுவோடு துணைசெய்தால் என்ன ஆகும் என்பதற்கு மற்றொரு சான்று. நியூயார்க்கிலிருந்து லண்டன் 5,540 கி.மீ. கிழக்கு நோக்கிய இந்தப் பயணத்துக்கு வழக்கமாக 6½ மணி நேரம் ஆகும். 2020 பிப்ரவரி 8ஆம் நாள் இரவு புறப்பட்ட ஒரு விமானம், புயலால் வலுப்பெற்ற ஜெட் காற்றில் ஏறிக்கொண்டு 4 மணி 56 நிமிடங்களில் லண்டனை அடைந்தது!

ஆகவே விமானத்தின் வழியை வகுப்பவர்கள் வரைபடத்தை மட்டும் பார்ப்பதில்லை. அன்றைய காற்றையும் பார்க்கிறார்கள். அட்லாண்டிக்கின் வடபகுதியில் விமானங்கள் செல்லும் வழிகள் காற்றின் போக்குக்கு ஏற்ப ஒவ்வொரு நாளும் புதிதாக வகுக்கப்படுகின்றன. ஒரு மணி நேரம் குறைந்தால் பல டன் எரிபொருள் மிச்சம். சுமக்க வேண்டிய எரிபொருள் குறைந்தால், அந்த எடைக்குப் பயணிகளையும் சரக்கையும் ஏற்றலாம், புகையும் குறையும்.

கடிகாரம் சொல்லும் கதை

பயண நேரத்தைக் கணக்கிடும்போது கடிகாரத்தை நம்பி ஏமாறக்கூடாது. அக்டோபரில் ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்கு டில்லியில் புறப்பட்டு, 14½ மணி நேரம் பறந்து, சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவதாகக் கொள்வோம். அப்போது டில்லியில் மாலை 6.30. ஆனால் சான் பிரான்சிஸ்கோ கடிகாரம் அம்மாதத்தில் நம் கடிகாரத்தைவிட 12½ மணி பின்தங்கியிருக்கும். ஆகவே அங்கே அதே நாள் காலை 6 மணி! இரண்டு விமான நிலையங்களின் கடிகாரங்களையும் மட்டும் பார்த்தவர், பயணம் 2 மணி நேரமே ஆனது என்பார். பசிபிக்கின் நடுவே சர்வதேசத் தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடந்தபோது ஒரு நாள் நமக்குத் திரும்பக் கிடைத்ததே இதற்குக் காரணம். இரு ஊர்களின் நேரத்தையும் முதலில் ஒரே கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்டு, பிறகு கழிப்பதே சரியான முறை.

மாணவருக்கு விடை

செய்தியில் அச்சுப் பிழை இல்லை. ஆனால் கேள்வி கேட்ட மாணவரும் முற்றிலும் தவறிவிடவில்லை. பூமியின் சுழற்சிக்கும் பயண நேரத்துக்கும் தொடர்பு உண்டு என்று அவர் ஐயுற்றது சரியே. அந்தத் தொடர்பு தரையின் வழியாக வரவில்லை. காற்றின் வழியாக வருகிறது. அதனால்தான் ஆதாயம் அவர் நினைத்த திசைக்கு எதிர்த்திசையில் கிடைக்கிறது. இதை விளக்கியதும் அவர் சும்மா இருக்கவில்லை. "அப்படியானால் சார், திரும்பி வரும்போதும் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக் வழியாக வந்தால் ஆதாயம்தானே?" என்றார். ஆம், வரலாம். அப்படி வந்தால் ஒரே பயணச்சீட்டில் உலகையே சுற்றி வந்ததாகவும் ஆகும்!

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியில் உள்ள உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலை நிலநடுக்கோட்டைச் சுற்றி வைத்து அதன் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையானால் அது 94 செ.மீ. இருக்கும். இது 40,000 கி.மீ. தூரத்துக்குச் சமம். அடுத்து, நூலின் ஒரு முனையை டில்லியிலும் மறு முனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே ஒதுங்கி, ஆர்க்டிக் வழியாகப் போய் நிற்பதைக் காண்பீர்கள். பெருவட்ட வழியை நூலே கண்டுபிடித்துவிடுகிறது! அதன் நீளம் 29 செ.மீ. அளவில் இருக்கும். 29ஐ 94ஆல் வகுத்து, 40,000ஆல் பெருக்கினால் 12,340 கி.மீ. நாம் சூத்திரத்தால் கண்ட விடைக்கும் இதற்கும் 40 கி.மீ. தான் வேறுபாடு.

இதே முறையில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். உலகின் மிக நீண்ட இடைநில்லா விமானப் பயணங்களுள் இதுவும் ஒன்று. உங்கள் நூல் 36 செ.மீ. காட்டினால் சரியாக அளந்திருக்கிறீர்கள். அது ஏறத்தாழ 15,350 கி.மீ. ஆனால் நியூயார்க் செல்லும் விமானம் பல நாட்களில் நூல் காட்டும் வழியை விட்டுவிட்டு, இன்னும் நீண்ட பசிபிக் வழியாகப் போகிறது. ஏன் என்பதை இனி உங்கள் வகுப்பில் நீங்களே விளக்கலாம்.